டீச்சர் பதில்கள்: ஹாங்காங் குரங்கும் தண்ணீர்மலை குரங்கும்

தைப்பூசம் முடிஞ்ச கையோட ஹாங்காங்ல இருக்குற என் சின்ன மகன் வீட்டுக்குப் போய் மூணு வாரம் இருந்துட்டு வந்தேன்னு போன இதழ்ல நாலு வரி எழுதியிருந்தேன், கூடவே "அங்க பார்த்த மிருகங்களப் பத்தி எதாச்சும் கேக்கணும்னா கேளுங்க"ன்னும் சும்மா ஒரு வார்த்த போட்டு வச்சேன். அவ்வளவுதான், வாட்ஸ்அப் நெறஞ்சுபோச்சு. பாதி பேரு எந்தக் கடையில பேக் மலிவுன்னு கேட்டிருக்கீங்க, அதெல்லாம் என் மருமக கிட்ட தள்ளிவிட்டுட்டேன். மீதிய நான் பாத்துக்குறேன்.

கேள்வி: ஹாங்காங்னாலே கட்டடம்தானே டீச்சர், அங்க ஏது காடு, ஏது மிருகம்? (செந்தூல் வாசகர்)

நானும் அப்படித்தான்யா நெனச்சுக்கிட்டுப் போனேன். மகன் வீடு இருபத்தி மூணாவது மாடி, முன்பக்க ஜன்னலத் தொறந்தா எதிர் வீட்டு அம்மா என்ன குழம்பு வைக்கிறாங்கன்னு தெரியும், அவ்வளவு நெருக்கம். ஆனா பின்பக்க ஜன்னல்ல பாத்தா நேரா மலை, முழுக்க மரம். ஹாங்காங்கோட மொத்த நெலத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட காடும் மலையும்னா நம்புவீங்களா? கன்ட்ரி பார்க்குன்னு சொல்றாங்க, 25 இருக்கு, 1976ல போட்ட தனிச் சட்டத்துல ஒதுக்குனது. மக்கள் எல்லாம் மிச்சமிருக்குற எடத்துல ஒருத்தர் மேல ஒருத்தரா அடுக்கி வச்ச மாதிரி இருக்காங்க.

இது பழைய காடுன்னு நெனைக்காதீங்க. ஜப்பான்காரன் காலத்துல வெறகுக்காக மலை மலையா வெட்டித் தீத்துட்டாங்க, சண்டை முடிஞ்சப்ப மொட்டை மலைதான் மிச்சம். அப்புறம் குடிதண்ணி அணைக்கட்டுல மண்ணு சரியக்கூடாதுன்னு சுத்தி திரும்பவும் மரம் நட்டாங்க, மிருகத்துக்காக யாரும் நடல, தண்ணிக்காக நட்டாங்க, மிருகம் தானா வந்து சேந்துக்கிச்சு. பழைய மரங்கள் தப்பிச்சது பெரும்பாலும் கிராமங்களுக்குப் பின்னாடிதான், ஃபெங் ஷுயி பாத்து ஊருக்குப் பின்னால ஒரு தோப்ப விட்டு வைப்பாங்க, வெட்டுனா ஊருக்கு ஆகாதுன்னு ஒரு பயம். நம்ம ஊர்ப்பக்கம் அய்யனார் கோயில் காடு தப்பிச்ச கதைதான்.

இன்னொன்னு, மேப்புல பாத்தா ஹாங்காங் கடகரேகைக்குக் கொஞ்சம் தெற்கதான் இருக்கு, ஆனா வடக்குக் காத்து எறங்குச்சுன்னா பல்லு கிட்டிக்கும். 2016 ஜனவரில 3.1 டிகிரி வரைக்கும் போச்சு, 957 மீட்டர் உயர தாய் மோ ஷான் மலை உச்சியில ஐஸ் பிடிச்சுக்கிச்சுன்னு மகன் அப்ப படம் அனுப்பினான். அதனால நம்ம பக்கத்து மிருகம் கொஞ்சம், குளிருக்கு ஓடி வர்ற வடக்கத்திப் பறவை கொஞ்சம், ரெண்டும் கலந்து கெடக்கு. பறவை மட்டும் 570 வகைக்கு மேல, சீனா மொத்தத்துல இருக்குறதுல மூணுல ஒரு பங்கு!

கேள்வி: பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனப்ப அர்ச்சனைத் தேங்காய குரங்கு பிடுங்கிக்கிட்டு ஓடிடுச்சு டீச்சர், ஒரே அழுகையா வந்துச்சு. ஹாங்காங்லயும் குரங்கு இருக்காமே, அங்கயும் இதே அட்டகாசம்தானா? (பட்டர்வொர்த் வாசகி)

அழாதீங்கம்மா, முருகன் கணக்குல வரவு வச்சிருப்பாரு. என் கையிலேருந்தும் ஒரு தடவ ஒரு சீப்பு வாழைப்பழம் போயிருக்கு.

அங்க குரங்கு இருக்குற எடம் கம் ஷான், கவுலூன் பக்கம் அணைக்கட்ட ஒட்டுன காடு, ஊர்க்காரங்களே குரங்கு மலைன்னுதான் சொல்றாங்க. அது அங்க வந்த கதை சுவாரசியமானது. 1910கள்ல அணைக்கட்டு புதுசு, கரையோரம் நம்ம எட்டி மரத்தோட ஒண்ணுவிட்ட சொந்தமான ஒரு செடி நெறைய மொளைச்சுக் கெடந்துச்சாம், அந்தக் காய் தண்ணியில விழுந்து ஜனங்களுக்கு விஷமாயிடுமோன்னு பயந்து, அதத் தின்னு தீக்கட்டும்னு குரங்கக் கொண்டாந்து விட்டாங்கன்னு சொல்றாங்க. எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்னன்னு நாம காலங்காலமா சொல்லிட்டு இருக்கோம், அந்தக் குரங்குக்கு எட்டி பழுத்தா தீபாவளி.

வட இந்தியாவுல கோயில்கள்ல பாப்பீங்களே, செவந்த மூஞ்சி, குட்டை வாலு, ரீசஸ் குரங்குன்னு சொல்றது, அந்த வகைதான் அங்க. ஆனா பின்னால யாரோ நம்ம பக்கத்து நீளவால் குரங்கையும் கொண்டுபோய் விட்டிருக்காங்க, ரெண்டும் சம்பந்தம் பண்ணிக்கிட்டு இப்ப கலப்புக் குரங்கும் சுத்துது. ஒண்ணு ரெண்டோட வால் நீளத்தப் பாத்தப்ப எனக்கு பினாங்கு பொட்டானிக் கார்டன் ஞாபகம்தான் வந்துச்சு.

அட்டகாசம்னு கேட்டீங்களே, எல்லாம் தீனி போட்டு வளத்த அட்டகாசம்தான். சனி ஞாயிறானா காடியில வந்து ரொட்டியும் கடலையும் கொட்டிட்டுப் போவாங்களாம், காட்டுல பழம் தேடித் தின்ன குரங்கு ரோட்டோரம் பிளாஸ்டிக் பை சத்தத்துக்குக் காத்துக் கெடக்க ஆரம்பிச்சிடுச்சு, வயிறு நெறஞ்சா குட்டியும் கூடுது. 1999ல அந்தக் காடுகள்ல தீனி போடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, 2022 கடைசியில மொத்த ஹாங்காங்குக்கும் நீட்டிட்டாங்க, 2024 ஆகஸ்ட்லேருந்து இன்னும் இறுக்கம்: பிடிச்ச எடத்துலயே 5,000 ஹாங்காங் டாலர் சம்மன், கோர்ட்டுக்குப் போனா 1,00,000 டாலர் வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். புறாவுக்குப் போட்டாலும் இதே கதிதான். கூடவே குரங்குகளப் பிடிச்சு கருத்தடையும் பண்றாங்க.

ஒரு பயமான விஷயமும் சொல்லிடுறேன். 2024 பிப்ரவரி கடைசில கம் ஷான் போன 37 வயசு ஆளு ஒருத்தர குரங்கு காயப்படுத்திடுச்சு, கொஞ்ச நாள்ல காய்ச்சல், நெனவு தப்பி ஐசியூ. குரங்கு ஒடம்புல இருக்குற பி வைரஸ்னு கண்டுபிடிச்சாங்க, ஹாங்காங்ல மனுசனுக்கு வந்தது அதுதான் முதல் தடவ. மனுசங்களுக்கு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம், வந்தா மூளைக்கே போயிடும். நம்ம நீளவால் குரங்கு ஒடம்புலயும் அந்தக் கிருமி இருக்கலாம். அதனால கடிச்சாலோ கீறுனாலோ மஞ்சள் வச்சுட்டு சும்மா இருக்காதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

இதச் சொன்னா பத்துமலைக்குப் போற நம்ம ஆளுங்களுக்குக் கோவம் வருது, அனுமார் அம்சமாச்சே, ஒரு வாழைப்பழம் போட்டா என்னன்னு. போட்ட பழத்தத் தின்னுட்டு அது அடுத்த படியில வர்ற சின்னப் புள்ளயோட கைய இழுக்குது, புள்ளையோட அம்மா வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானுக்குப் போன் பண்றாங்க, அவங்க வந்து கூண்டு வைக்கிறாங்க. அந்தப் பாவம் யார் கணக்குல போகும்னு நீங்களே சொல்லுங்க.

கேள்வி: ஹாங்காங்ல புலி இருந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு, கதை விடுறாருன்னு நெனைச்சேன். (கிள்ளான் வாசகர்)

தாத்தா கிட்ட மன்னிப்புக் கேளுங்க. 1915 மார்ச்ல ஷியுங் ஷுய் பக்கம் ஒரு புலி வந்து ரெண்டு போலீஸ்காரங்க உயிரக் குடிச்சிடுச்சு, ஒருத்தர் வெள்ளைக்காரர், இன்னொருத்தர் நம்ம இந்தியர். சுட்ட புலியோட தலை இன்னும் போலீஸ் மியூசியத்துல இருக்கு. 1942ல ஜப்பான்காரன் ஆட்சியில ஸ்டான்லி பக்கம் இன்னொண்ணு, அதச் சுட்டது ஒரு இந்தியப் போலீஸ்காரர். அது சர்க்கஸ்லேருந்து தப்பிச்ச புலின்னும் ஒரு பேச்சு உண்டு. தோல ஸ்டான்லி தின் ஹாவ் கோயில்ல மாட்டி வச்சிருக்காங்க, நான் போய்ப் பாத்தேன், ஊதுபத்திப் புகை ஏறி ஏறி கன்னங்கரேல்னு ஆயிருச்சு, சொல்லலேன்னா பழைய கம்பளின்னு நெனைச்சுப்பீங்க. அந்தத் தென்சீனப் புலி இப்ப காட்டுல ஒண்ணுமில்ல, கூண்டுல மட்டும் இருக்கு. நம்ம மலாயாப் புலியும் காட்டுல 150க்குக் கீழ வந்துடுச்சு, அடையாள அட்டையில இருந்து போலீஸ் தொப்பி வரைக்கும் படம் மட்டும் நல்லா இருக்கு.

கேள்வி: ரோட்டுல மாடு படுத்திருக்குற மாதிரி ஸ்டேட்டஸ் போட்டிருந்தீங்களே, அது ஹாங்காங்கா இந்தியாவா? (பிறை வாசகி)

ஹாங்காங்தாம்மா, லந்தாவ் தீவு, பஸ் ஸ்டாப்புல மாடு, பக்கத்துலயே சீனப் பாட்டி. அந்த மாட்டுக்கு சொந்தக்காரங்க யாரும் கெடையாது. முன்ன அங்கெல்லாம் நெல் வயலு, ஏர் ஓட்ட வீட்டுக்கு வீடு மாடு. 1970கள்ல வெவசாயம் படுத்துப்போச்சு, வெள்ளாமை பாத்தவங்க டவுனுக்கும் இங்கிலாந்துக்கும் போயிட்டாங்க, மாட்ட அவுத்து விட்டுட்டுப் போயிட்டாங்க. விட்டுட்டுப் போன மாடு பெருகிப் பெருகி இப்ப சாய் குங்லயும் லந்தாவ்லயும் காட்டு மாடா திரியுது, பூய் ஓ பக்கம் சேத்துல எருமைக் கூட்டமே இருக்கு. எருமை மெறிச்ச பள்ளத்துல தண்ணி நிக்குது, தண்ணியில தவளை, தவளைக்குக் கொக்கு, அந்த ஈரநெலம் மூடிப்போகாம இருக்குறதே எருமையாலதான்.

அதப் பாத்துட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரலம்மா. எங்க ரப்பர் தோட்டத்துல லயத்துக்குப் பின்னாடி எல்லாரும் மாடு வச்சிருந்தோம், எங்க வீட்டுல ரெண்டு. கித்தா தோட்டத்த வீடமைப்புக்கு வித்து எங்கள ஃபிளாட்டுக்கு அனுப்புனப்ப மாட்ட எங்க வைக்கிறது? எங்கப்பா ஒண்ண வித்தாரு, கெழட்டு மாட்ட யாரும் வாங்கல, அதுபாட்டுக்கு கொஞ்ச நாள் பழைய லயத்துப் பக்கமே போய் நின்னுச்சுன்னு சொன்னாங்க. பூய் ஓ எருமைங்களுக்கு அங்க இருக்குறவங்க சிலபேர் புல்லு கொண்டாந்து போடுறாங்க, கவர்மெண்டு கருத்தடை பண்ணுது, ரோட்டுல அடிபடாம இருக்க வேற எடத்துக்கும் மாத்துது. அதுவரைக்கும் பரவால்ல.

கேள்வி: நம்ம ஊர்ல இருக்குற மிருகம் அங்கயும் இருக்கா? (ஈப்போ வாசகர்)

நெறையவே இருக்கு. முள்ளம்பன்னி, சிறுத்தைப்பூனை, கேளையாடு. இதுல முள்ளம்பன்னி அச்சு அசல் நம்ம லண்டாக்தான், ஒரே இனம். கேளையாடு மான் வகைதான், அத நம்ம ஆளுங்க கீஜாங்னு சொன்னாத்தான் தெரிஞ்சுக்குவாங்க, ராத்திரி நாய் மாதிரி கொரைக்கும், மகன் வீட்டுப் பின்பக்க மலையில கொரைச்சப்ப பக்கத்து வீட்டு நாய்னு நெனைச்சு ரெண்டு நாளா திட்டிட்டு இருந்தேன். மூசாங் கிங் டுரியான்ல வர்ற மூசாங் இருக்கே, அதான் மரநாய், அந்தக் குடும்பத்துலயும் அங்க ஆளு உண்டு. காட்டுப்பன்னி டவுனுக்குள்ளயே வரும், 2021ல ஒரு துணைப் போலீஸ்காரரக் கடிச்சு வச்சதுலேருந்து பிடிச்சு ஊசி போட்டுக் கொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அதுவும் தீனி போட்டுப் பழக்குனதோட வெனைதான்.

கேள்வி: டீச்சர், உலகத்துல வேற எங்கயும் இல்லாம ஹாங்காங்ல மட்டும் இருக்குற மிருகம் எது? ஸ்கூல் புரொஜெக்ட்டுக்கு வேணும். (நிபோங் திபால் தமிழ்ப்பள்ளி மாணவன்)

நல்ல கேள்வி தம்பி, நோட்டு எடுத்துக்கோ. ரோமர் மரத்தவளை. இருபது காசு இருக்கா கையில? அந்த அளவுதான், ஒன்றரைலேருந்து ரெண்டரை சென்டிமீட்டர், முதுகுல எக்ஸ் மாதிரி ஒரு கோடு. கத்துனா சுவர்க்கோழின்னு நெனைச்சுக்குவ.

1952ல ஜான் ரோமர்னு ஒருத்தரு, எலி பூச்சி ஒழிக்கிற கவர்மெண்டு இலாகாவுல வேலை பாத்தவரு, லம்மா தீவுல ஒரு குகையில இதக் கண்டுபிடிச்சாரு. அடுத்த வருஷமே குகை இடிஞ்சு விழுந்துச்சு, சரி இந்தத் தவளை பூண்டோட போச்சுன்னு எல்லாரும் எழுதி மூடிட்டாங்க. 1984ல பாத்தா லம்மாவுலயே திரும்ப இருக்கு! அப்புறம் பக்கத்துத் தீவுகள்லயும் கெடச்சுது, அதுல ஒண்ணு செக் லாப் கோக்.

பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? ஹாங்காங் ஏர்போர்ட் இருக்குற எடமேதான். தீவத் தட்டையாக்கி கடல மூடி ஏர்போர்ட் கட்டப் போறாங்க, 1998ல தொறந்தாங்க, அதுக்கு முன்னாடி 1990கள் ஆரம்பத்துலயே ஹாங்காங் யுனிவர்சிட்டி ஆளுங்க ராத்திரி ராத்திரியா டார்ச் அடிச்சு இருநூறுக்கும் மேல தவளையப் பொறுக்கி எடுத்தாங்க, இருபது காசு சைஸ் தவளைய, யோசிச்சுப் பாரு. கொஞ்சத்த ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் மிருகக்காட்சி சாலைக்கும் அனுப்பி குஞ்சு பொரிக்க வச்சு, பெருக்கி, வேற வேற காட்டுல கொண்டுபோய் விட்டாங்க, பல எடத்துல நல்லாவே பொழைச்சுக்கிச்சு. படம் வரையறப்ப பச்சை அடிச்சிடாத தம்பி, அது பழுப்பு. எல்லாரும் தவளைன்னா பச்சைதான் அடிக்கிறாங்க, முப்பது வருஷம் திருத்தி அலுத்துட்டேன்.

கேள்வி: ரோஸ் கலர் டால்பின் உண்மையா, கம்ப்யூட்டர் வேலையா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

உண்மைதாம்மா. பொறக்குறப்ப கருஞ்சாம்பல், வளர வளர வெளுத்து ரோஸ் ஆகும். தோலுக்கு அடியில ஓடுற ரத்தம் தெரியுறதாலதான் அந்த நெறம், ஓடி ஆடி சூடானா இன்னும் செவக்கும், நமக்கு வெக்கத்துல கன்னம் செவக்குற மாதிரி. 1997ல ஹாங்காங் சீனாகிட்ட திரும்பப் போனப்ப இதத்தான் சின்னமா வச்சாங்க. சின்னமா வச்சதுக்கு அப்புறம்தான் கஷ்டகாலம்: ஏர்போர்ட், மக்காவ் பாலம், வேகப்படகு, எல்லாம் அதோட வீட்டு வாசல்லயே. ஹாங்காங் தண்ணியில 2003ல 188ன்னு கணக்கு, 2018ல 32. கோவிட் நேரத்துல மக்காவ் ஃபெரி நின்னப்ப அந்தப் பாதைக்குத் திரும்பி வந்துச்சாம், பாருங்க.

நான் லந்தாவ் தீவுல தாய் ஓங்கற எடத்துல படகு ஏறி ஒரு மணி நேரம் சுத்துனேன், ஒரு முதுகு தெரிஞ்சுது, அதுவும் படகுக்காரர் கத்துன அப்புறம் திரும்பிப் பாக்குறதுக்குள்ள முக்கால்வாசி உள்ள போயிடுச்சு. அதே இனம் நம்ம லங்காவியிலயும் பேராக் மாத்தாங் சதுப்புக்காட்டு வாயிலயும் இருக்கு, மலேசியாவுலயே பாக்கலாம், பாஸ்போர்ட் வேணாம்.

கேள்வி: பாம்பு? (ஆயர் ஈத்தாம் வாசகர், ஒரே வார்த்தைல கேட்டிருக்காரு)

உண்டு. நாகம், ராஜநாகம், மலைப்பாம்பு எல்லாம் உண்டு, ஆனா அதிகமா கடிக்கிறது பச்சை விரியன், நம்ம பினாங்கு பாம்புக் கோயில்ல சாம்பிராணிப் புகையில தூங்குதே அதோட சொந்தக்காரன். வீட்டுல பாம்பு வந்தா நாம தீயணைப்புக்காரங்க பொம்பாவக் கூப்பிடுறோம், அங்க போலீசக் கூப்பிட்டா பாம்புப் பிடாரன அனுப்புவாங்க, பிடிச்சது காட்டு மிருகங்களப் பாத்துக்குற கடூரி பண்ணைக்குப் போகும், அவங்க பாத்துட்டு திரும்பக் காட்டுல விடுவாங்க. கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வச்சு உறிஞ்சாதீங்க, கைய அசைக்காம ஆஸ்பத்திரி போங்க. சினிமாவ நம்பாதீங்க.

கேள்வி: பெட்டாலிங் ஸ்ட்ரீட்ல விக்கிற கறுப்பு ஜெல்லி, ஆமை ஜெல்லின்னு சொல்றாங்களே, உண்மையில ஆமை போடுவாங்களா? ரெண்டு வருஷமா பருவுக்கு சாப்பிட்டுட்டு இருக்கேன், பயமா இருக்கு. (செராஸ் வாசகி)

பயப்படாதீங்க, இப்ப சாதாரணமா மலிவா விக்கிறதுல பலதுல மூலிகைதான், ஆமை பேருக்குத்தான், சிலதுல பண்ணை ஆமை ஓடு. ஆனா பழைய முறையில இதுக்குப் போட்டது பொற்காசு ஆமைன்னு ஒண்ணு, தலையில மஞ்சள், முதுகுல மூணு கறுப்புக் கோடு. புற்றுநோயையே தீக்கும்னு ஒரு நம்பிக்கை கெளம்பி வெலை ஏற ஏற சீனாவுல ஓடை ஓடையா துடைச்சு எடுத்துட்டாங்க, காட்டுல மிச்சமிருக்குற ரொம்பக் கொஞ்ச எடத்துல ஹாங்காங் ஓடைகளும் ஒண்ணு, அங்கயும் ராத்திரி வந்து கூண்டுப் பொறி வச்சுட்டுப் போறாங்க. எந்த ஓடைன்னு வெளிய சொல்றதே இல்ல, சொன்னா மறுநாளே காலி. பருவுக்கு நெறைய தண்ணி குடிங்க, எண்ணெய்ப் பலகாரத்தக் கொறைங்க, அப்படியும் போகலேன்னா தோல் டாக்டரப் பாருங்க.

கேள்வி: நாங்களும் குடும்பத்தோட போலாம்னு இருக்கோம், எந்த மாசம் போனா நெறைய பாக்கலாம்? (புக்கிட் மெர்தாஜம் வாசகர்)

பறவை பாக்கணும்னா நவம்பர்லேருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, மாய் போ சதுப்பு நெலத்துக்கு. நெனைச்சா நுழைய முடியாது, முன்கூட்டியே புக் பண்ணிப் போகணும். பழைய எறால் குட்டைங்க, கேய் வாய்னு சொல்லுவாங்க, குளிர்காலத்துல ஒவ்வொண்ணா தண்ணிய வடிச்சு விடுவாங்க, மிச்ச மீனும் எறாலும் பறவைக்கு விருந்து. அங்க வர்றதுலேயே பெரிய ஆளு கருமுகக் கரண்டிவாயன், கறுப்பு மூஞ்சி, அலகு அப்படியே சோத்துக் கரண்டி. 1980கள் கடைசில உலகத்துலயே 300 கூட இல்ல, இப்ப 6,000த்துக்கு மேல. அந்த வழியா தெற்க எறங்குற உள்ளான் கூட்டம்தான் நம்ம தெலுக் ஆயர் தாவார் சேத்துக்கும் வருது, நீங்க புக்கிட் மெர்தாஜம்தானே, மோட்டார்ல அரை மணி நேரம், மொதல்ல அத ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.

ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்துக்கோங்க. நான் சேலைக்கு மேல மகனோட ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு, பைனாகுலரக் கண்ணுல வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன். கரண்டிவாயன் அறுபது எழுபது இருக்கும், அத்தனையும் கரண்டிய முதுகு எறகுக்குள்ள சொருகிக்கிட்டு ஒத்தக் கால்ல தூங்குச்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு தலையத் தூக்குச்சு, இந்தப் பக்கம் பாத்துச்சு, கழுத்தச் சொறிஞ்சுக்கிச்சு, திரும்பவும் தூங்கிடுச்சு. "இதுக்குத்தான் அஞ்சு மணிக்கு எழுப்புனீங்களாம்மா"ன்னு மகன் இன்னும் கேட்டுட்டு இருக்கான்.